நாப்பதுக்கும் கேமுக்கும் நடுவுல

இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தாண்ணே என் மக ஆடிக்கிட்டு இருக்கா. மூணாம் நம்பர் கோர்ட்டு. இங்கேருந்து ஒண்ணும் தெரியாது, பச்சத் துணி கட்டி மறைச்சுட்டாங்க. சத்தம் மட்டும் கேக்கும். கனமா டொக்குன்னு கேக்குதுல்ல, அது என் மக அடிக்கிறது. லேசா கேக்குறது எதுத்தாப்புல ஆடுற பிள்ள.

இருக்கட்டும்ணே, நீங்க உக்காருங்க. நான் இப்படியே நிக்கிறேன். சரி, இவ்வளவு சொல்றீங்க, உக்காந்துக்கிறேன். எம்பேரு காசிமாயன். திண்டுக்கல்லு. பஸ் டிப்போவுல டைம் கீப்பரு. மக பேரு சுடர்க்கொடி, வீட்டுல சுடரு. இன்னைக்கு இந்த மேட்ச ஜெயிச்சா கடைசி நாலு பேருக்குள்ள வந்துருவா. அந்த நாலு பேருக்கும் மெட்ராஸ்ல ஒரு பயிற்சி மையத்துல எடம் வச்சிருக்காங்க. தங்குறது, திங்கிறது, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. தோத்தா அடுத்த வருசம் வயசு தாண்டிரும். அதோட ராக்கெட்டத் தூக்கிப் பரண்ல போட்டுற வேண்டியதுதான். அவளே சொல்லிட்டா, "இதான்ப்பா கடைசி"ன்னு. மூணு மாசமா எங்கிட்ட அவ பேசின முழுப் பேச்சு அது ஒண்ணுதாண்ணே.

அப்பேர்ப்பட்ட நாள்ல என்னத் தூக்கி வெளிய போட்டுட்டாங்க. நான் என்ன பண்ணினேன்? கத்தினேனா? கை தட்டுனேனா? எத்தனை அப்பன்மாரு வேலியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு "பேக்ஹேண்டுக்குப் போடு, பேக்ஹேண்டுக்குப் போடு"ன்னு கத்துறாங்க தெரியுமா? நான் ஒரு வார்த்த பேசுனது கிடையாது. பேசக் கூடாதுன்னு வாயில பாக்கு போட்டு அடக்கிக்கிட்டு இருப்பேன். ரெண்டாவது செட்டு முடிஞ்சு பிள்ளைங்களுக்குப் பத்து நிமிசம் ஓய்வு விட்டாங்க. அந்த நேரம் பாத்து ரெஃபரி வர்றான், சின்னப் பையன் மாதிரி இருக்கான். "சார், உங்க மேல எழுத்துல ஒரு புகார் வந்திருக்கு, மூணாவது செட்டுக்கு நீங்க வெளிய இருக்கணும்"னான். எவ குடுத்தா, காட்டுன்னேன். காட்டாம நகர மாட்டேன்னுட்டேன். பெறகு காகிதத்த மடிச்சு என் சட்டப் பையில வச்சு, "கோவம் தணிஞ்சதும் படிங்க சார்"னான்.

அதோட விட்டானா? கையப் புடிச்சுக் கூட்டியாந்து இந்த வேப்பமரத்தடியில உக்கார வச்சு, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துட்டுப் போறாண்ணே. அந்தா, அந்தப் பன்னுதான். தப்பையும் பண்ணிட்டு என் வாய அடைக்கிறதுக்கு வாங்கிக் குடுக்குறான். நான் தொடல. தொடவும் மாட்டேன். பிள்ள ஆடுற நாள்ல ஆடி முடிக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது எனக்கு. பழனி முருகனுக்கு நேந்துக்கிட்டது. மேட்சு ஒரு மணி நேரமானாலும் சரி, நாலு மணி நேரமானாலும் சரி. அது சுடருக்கும் தெரியும். எங்கப்பன் எனக்காகக் காயிறான்னு தெரிஞ்சா பிள்ளைக்கு ஒரு வெறி வரும்ல.

வருதா? வரணுமே. வரலையேண்ணே.

இந்த ஆட்டத்துக் கணக்கு இருக்கே, அது மனுசன் போட்ட கணக்கு இல்ல. நான் அந்தக் காலத்துல கபடி ஆடினவன். மாவட்டம் வரைக்கும் போயிருக்கேன். கபடியில நாப்பது நிமிசம். நாலு பாயிண்டு முன்னாடி இருக்கோம், ரெண்டு நிமிசம் பாக்கின்னு வைங்க, பாடிப் போயி கோட்டத் தொட்டுட்டுத் திரும்பி வந்து நேரத்தக் கடத்திரலாம். விசில் அடிச்சா முடிஞ்சுது. இங்க விசிலும் இல்ல, மணியும் இல்ல. முதப் பாயிண்டுக்குப் பதினஞ்சு. ரெண்டாவதுக்கு முப்பது. மூணாவதுக்கு நாப்பத்தஞ்சுதான வரணும்? நாப்பதாம்! பாக்கி அஞ்சு எங்க போச்சுன்னு ஆரோக்கியம் மாஸ்டர்கிட்ட கேட்டேன். அவருதான் இவளுக்குக் கோச்சு. சிரிக்கிறாரு. நாலாவது எடுத்தா ஒரு கேம். எடுத்ததும் எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி பூஜ்யத்துலேருந்து. ரெண்டு கேமாவது முன்னாடி இருக்குற மாதிரி ஆறு கேம் எடுத்தா ஒரு செட்டு, அதையும் அழிச்சுட்டு மறுபடி பூஜ்யம். மூணு செட்டுல ரெண்டு எடுத்தாத்தான் மேட்சு. நீ எம்புட்டு முன்னாடி இருந்தாலும் சரி, அந்தக் கடைசிப் பாயிண்ட நீயே அடிச்சு எடுக்கணும். யாரும் வந்து விசில் அடிச்சுக் காப்பாத்த மாட்டாங்க.

ரெண்டு பேரும் நாப்பதுக்கு வந்துட்டா அதுக்குப் பேரு டியூஸு. அப்ப அடுத்தடுத்து ரெண்டு பாயிண்டு எடுக்கணும். ஒண்ணு எடுத்தா அட்வான்டேஜ். அடுத்தத விட்டா பழையபடி டியூஸு. வழுக்கு மரந்தாண்ணே. உச்சியில கட்டியிருக்கிற பண முடிப்புல விரல் படும், சர்ருன்னு கீழ வந்துருவோம். ஏற ஏற எண்ண வடிஞ்சுக்கிட்டே இருக்கும்.

கேட்டுச்சா? "ஃபோர் ஆல்." நாலுக்கு நாலு. அது அந்தப் பிள்ள குரல். யாரு சர்வீஸ் போடுறாங்களோ அவங்கதான் ஸ்கோர உரக்கச் சொல்லணும். பைனலுக்கு மட்டுந்தான் அம்பயர் ஏணி நாற்காலியில ஏறி உக்காருவார். அதுவரைக்கும் பிள்ளைங்களே சொல்லி, பிள்ளைங்களே தீர்ப்பு வச்சுக்கணும். எம்மக வீட்டுல வாயத் தொறக்க மாட்டேங்குறா. அவ குரலக் கேக்கணும்னா நான் கோர்ட்டுக்குத்தான் வரணும். "தேர்ட்டி ஃபிஃப்டீன்"னு சொல்லுவா பாருங்க, மணி மாதிரி இருக்கும்.

இந்த நோட்டப் பாருங்க. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு கோடு. எடுத்தது மேல, விட்டது கீழ. இந்த சீசன் பூராம் இருக்கு. பதினோரு ஊரு, பதினாறு மேட்சு. அவ எடுத்தது ஆயிரத்து நூத்தி எம்பத்தாறு. விட்டது ஆயிரத்து நூத்தி நாப்பது. கூட எடுத்திருக்கா! ஆனா பதினாறுல ஜெயிச்சது அஞ்சுதான். நாகர்கோவில்ல எட்டுப் பாயிண்டு கூட எடுத்துத் தோத்தாண்ணே. உலகத்துல வேற எந்த ஆட்டத்துலயாவது இது நடக்குமா? நான் அன்னைக்கு அந்த ஊரு ரெஃபரிகிட்ட நோட்டக் காட்டிக் கேட்டேன். "சரிதான் சார், ஆனா எடுக்க வேண்டிய பாயிண்ட எடுக்கலையே"ன்னான்.

அது வாஸ்தவந்தான். நாப்பது வரைக்கும் புலி மாதிரி வருவா. நாப்பது வந்துட்டா கை செத்துரும். சுளுவான பந்த வலையில அடிப்பா. சர்வீஸ் ரெண்டையும் வெளிய போடுவா. வெண்ண தெரண்டு வரும்போது தாழி ஒடைஞ்ச கததான் ஒவ்வொரு தடவையும். கேமுக்கு ஒரு பாயிண்டு பாக்கின்னு பத்துத் தடவ வந்தா மூணுதான் எடுக்குறா. நான் எண்ணியிருக்கேன். அந்த நேரத்துல திரும்பி என்னப் பாப்பா. நானும் தெம்பு குடுக்கணும்னு அவளையே பாப்பேன். கண்ணக் கூடச் சிமிட்ட மாட்டேன்.

"ஃபோர் ஃபைவ்!" அந்தப் பிள்ளதான் சொல்லுது. அப்ப எம்மகளுக்கு அஞ்சு! இன்னும் ஒரே ஒரு கேம், சுடரோட சர்வீஸ். முருகா. உக்காரவா? எந்திரிச்சது தெரியலண்ணே. உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன்.

ஆரோக்கியம் மாஸ்டர் நல்ல மனுசன். ஆனா போன மாசம் ஒரு வார்த்த சொன்னாரு பாருங்க, இன்னும் நெஞ்சுல கெடக்கு. "சார், பிராக்டிஸ்ல நாப்பதுல அவ ஒண்ணக் கூட விடுறதில்ல. ஒரே ஒரு டோர்னமென்டுக்கு நீங்க வராம இருந்து பாருங்களேன்." பெத்தவன் வரக் கூடாதாம்! பிராக்டிஸ்ல எப்படிண்ணே விடுவா? அங்க என்ன இருக்கு? வீட்டுக்காரியும் அவரு கூடச் சேந்துக்கிட்டா. "ஒங்க நோட்ட அடுப்புல போடுங்க, பிள்ள தூக்கத்துல நாப்பது நாப்பதுங்குது"ங்குறா. அவளுக்கு என்ன தெரியும் டென்னிசப் பத்தி?

கேளுங்க. முந்தாநாளும் நேத்தும் எனக்கு லீவு கிடைக்கல. மாஸ்டர்தான் கூட்டியாந்தாரு. ரெண்டு மேட்சு, ரெண்டும் நேர் செட்டு, ஒரு செட்டக் கூட விடல. ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டா! போன்ல கேட்டதும் அழுதுட்டேன். நான் இல்லாமயே இந்தப் போடு போடுறாளே, நான் பக்கத்துல இருந்தா எப்படி ஆடுவான்னு தோணுச்சு. உடனே ரெண்டு நாளு லீவு எழுதிப் போட்டுட்டு இன்னைக்கு மொத பஸ்ஸுல கெளம்பி வந்தேன். வரும்போது மொத செட்டு அஞ்சு ரெண்டுல இருக்கா. வேலிக்கிட்ட போயி உக்காந்தேன், அவ என்னப் பாத்துட்டா. அஞ்சு மூணு, அஞ்சு நாலு. எப்படியோ ஆறு நாலுன்னு முடிச்சா. ரெண்டாவது செட்டு அஞ்சு மூணு, நாப்பது பதினஞ்சு. ரெண்டு பாயிண்டு கையில, ஒண்ணு எடுத்தாப் போதும். போச்சு. அஞ்சு ஏழு. ரெண்டு நாளாத் தனியா விட்டதுல பிள்ள அசந்து போயிருச்சு பாருங்க.

அப்பத்தான் இந்தப் புகாரு. யாரு குடுத்திருப்பான்னு எனக்குத் தெரியாதா? எதுத்தாப்புல ஆடுற பிள்ளையோட அம்மாதான். கோயம்புத்தூரு. பெரிய வெள்ள வண்டியில வந்து எறங்குனாங்க, கூலிங் கிளாசு. இந்தக் காகிதத்த வச்சே டென்னிஸ் சங்கத்துல எழுதிக் குடுக்கப் போறேன்.

என்னது? அந்த வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தது நீங்களா? சரிதான் போங்க. நான் ஆள் தெரியாமப் பேசிட்டேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நீங்க சம்பளத்துக்கு ஓட்டுறீங்க. ஆனா உங்க மொதலாளியம்மா செஞ்சது தப்பு. வண்டிய விட்டு எறங்கலையா? காலையிலேருந்தா? பிள்ள ஆடும்போது எப்பவுமே வண்டிக்குள்ளதான் கண்ண மூடி உக்காந்திருப்பாங்களா? என்ன அம்மாண்ணே அவங்க? பெத்த பிள்ள ஆடுறதப் பாக்காம எப்படி இருக்க முடியுது? சரி, எறங்கலைன்னா என்ன, போன்ல சொல்லியிருப்பாங்க.

ச்சூ. இருங்க. "ஃபிஃப்டீன் லவ்." சுடரு. லவ்வுன்னா பூஜ்யம்.

"தேர்ட்டி லவ்."

முருகா முருகா.

"தேர்ட்டி ஃபிஃப்டீன்." பரவால்ல. பரவால்லம்மா.

"ஃபார்ட்டி ஃபிஃப்டீன்." ரெண்டு மேட்ச் பாயிண்டுண்ணே! ரெண்டு! ஒண்ணு எடுத்தா மெட்ராசு. எதுக்குக் கையப் புடிச்சு இழுக்குறீங்க, விடுங்கண்ணே. நான் உள்ள இருந்திருக்கணும். என்னத் தேடுவா இப்ப. வேலி ஓரத்துல பாப்பா, நான் இல்லைன்னா என்ன பண்ணுவா எம்பிள்ள?

"ஃபார்ட்டி தேர்ட்டி." போச்சு ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு. இன்னொண்ணு இருக்கு.

"டியூஸ்."

கேட்டீங்களா? கேட்டீங்களாண்ணே? இதுதான். இதேதான் பதினோரு ஊர்லயும். அய்யோ, என்னால முடியாது. பேச்சு குடுங்க, ஏதாவது பேசுங்க. இந்தாங்க, இந்தக் காகிதத்தப் படிங்க. உங்கம்மா என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாப்போம். என் கண்ணாடி சுடரு பையில மாட்டிக்கிச்சு, தண்ணி குடுக்கும்போது வச்சது. கோடு போடக் கண்ணாடி வேணாம், படிக்க வேணும். சத்தமாப் படிங்க, அந்தப் பக்கம் கேக்காம எனக்குக் கேக்கணும்.

"ரெஃபரி சாருக்கு. மூணாம் கோர்ட் வேலி ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்." ம். நாந்தான். படிங்க. "நாற்பது வந்தால் எழுந்து நின்றுவிடுவார். அவர் நின்றால் எனக்குக் கை வராது." பாத்தீங்களா! எனக்குன்னு எழுதியிருக்கு! அப்ப அம்மா இல்ல, உங்க பாப்பாதான் எழுதியிருக்கு. அந்தப் பிள்ளைக்குக் கை வரலைன்னா நான் என்னண்ணே பண்றது? எம்மகளத்தான பாக்குறேன் நான்? அதுக்கு என்ன வலிக்குது?

மேல இருக்கா? படிங்க. ஏன் நிறுத்திட்டீங்க? ஏன் என்னையப் பாக்குறீங்க, காகிதத்தப் பாத்துப் படிங்கண்ணே.

"அவரைத் திட்ட வேண்டாம். வெளியே நிழலில் உட்கார வையுங்கள். நான் ஆடுகிற நாளில் அவர் சாப்பிட மாட்டார். ஏதாவது சாப்பிட வையுங்கள்."

திரும்பப் படிங்க.

கடைசி வரிய மட்டும் திரும்பப் படிங்க.

"மை அட்வான்டேஜ்"னு சொல்றா. விடுங்க. நீங்க படிங்க. நான் ஆடுகிற நாளில் அவர் சாப்பிட மாட்டார். இது எங்க வீட்டுல மூணு பேருக்குத்தாண்ணே தெரியும். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அப்பான்னு எங்கயாச்சும் இருக்கா? நல்லாப் பாருங்க. மடிப்புல மறைஞ்சிருக்கும். இல்லையா? நீலச் சட்டை போட்ட ஒருவர்னுதான் இருக்கா?

"டியூஸ்"னுட்டா. அந்தப் பந்தும் போச்சு.

நான் நிக்கிறேனாண்ணே? நாப்பதுன்னா எந்திரிக்கிறேனா நான்? எனக்குத் தெரியாதே. சத்தியமாத் தெரியாது. உக்காந்து கோடு போட்டுக்கிட்டு இருக்கிறதாத்தான நெனச்சுக்கிட்டு இருக்கேன். இப்ப? இப்ப நின்னுக்கிட்டா இருக்கேன்? அதுக்குத்தான் வந்ததுலேருந்து உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களா நீங்க?

பதினோரு ஊருண்ணே. அவ ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தது தெம்பு கேக்கத்தான்னு நெனச்சேன். நான் எந்திரிச்சுட்டேனான்னுதான் பாத்திருக்கா. எந்திரிச்சு நின்னிருக்கேன், பட்டினியா, கண்ணக் கூடச் சிமிட்டாம. பதினஞ்சு வயசுப் பிள்ள, கையில சர்வீஸ் போடுற பந்தோட. ஒரு டியூஸ் நீண்டுச்சுன்னா அப்பனுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் பசின்னு கணக்குப் போட்டிருக்கும். நான் நோட்டுல போட்ட கணக்குல இது எங்கயுமே இல்லையேண்ணே. எம்புட்டுப் பெரிய கூமுட்டையா இருந்திருக்கேன்.

உக்காந்துட்டேன். இந்தா, பெஞ்சக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். என் தோள்ல ஒரு கைய வையுங்கண்ணே, நான் எந்திரிச்சா அமுக்குங்க. அவளுக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து தெரியாதுதான். இருந்தாலும் அமுக்குங்க. அந்தப் பன்ன இப்படி எடுங்க. எறும்பு ஏறியிருந்தாலும் பரவால்ல. முருகன் கோச்சுக்க மாட்டான், கோச்சுக்கிட்டா என்னையக் கோச்சுக்கட்டும்.

"மை அட்வான்டேஜ்."

அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே இருங்க. பன்னு காஞ்சு கெடக்கு, எறங்க மாட்டேங்குது. அந்த ஆறிப்போன டீயக் குடுங்க. ம். எறங்குது. எறங்குது.

டொக்கு. கனமா ஒண்ணு. லேசா ஒண்ணு. கனமா. லேசா. கனமா. லேசா கேக்கலையே. லேசா கேக்கலையேண்ணே? யாரோ கை தட்டுறாங்க. எதுக்குத் தட்டுறாங்க? நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. நான் வரல. நான் எந்திரிக்க மாட்டேன்.

என்ன? ஜெயிச்சுட்டாளா? நல்லாப் பாத்தீங்களா? வலைக்கிட்ட போயி கை குடுத்துட்டாங்களா ரெண்டு பேரும்? சரி. சரிண்ணே. உங்க பாப்பா பாவம், அதுவும் நல்லாத்தான் ஆடுச்சு. வண்டியில போயி உங்கம்மாட்ட சொல்லுங்க, நான் கண்டபடி பேசினதச் சொல்ல வேணாம்.

இல்லண்ணே, நான் உள்ள போகல. அழுகல, பன்னுத்தூளு கண்ணுல பட்டுருச்சு. சரி, அழுகுறேன்தான். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அவ இந்த கேட்டு வழியாத்தான் வருவா. நீங்க முன்னாடி போயி நின்னு சொல்லுங்க. நீலச் சட்டை போட்டவரு நெழல்ல உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க. பன்னு தின்னுட்டாருன்னு சொல்லுங்க. நாளைக்கு செமி பைனலுக்கு வர மாட்டாராம், டிப்போவுல டூட்டி இருக்காம்னு சொல்லுங்க. நான் நாளைக்கும் லீவு போட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேணாம்.